பெயர் சொல்லாத பாவங்கள்



கிறிஸ்தவனுடைய அன்றாட நடையைப் பற்றி ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒருவர் சபையார்முன் நின்று மனம்விட்டுப் பேச வேண்டும் என்ற நோக்கத்தோடு இச்சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை ஏற்படுத்திய பெரியவரின் விருப்பத்துக்கு இணங்கி, நாள்தோறும் நாம் செய்துகொண்டே இருந்தும் பாவமென்று எண்ணாத பாவங்களை இவ்வாண்டுச் சொற்பொழிவுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். கொலையும் களவும் விபசாரமும் பாவங்கள் என்பதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. அவற்றைச் செய்தவனை ஊர் கைகாட்டிவிடும், சட்டமும் தேடிவரும். ஆனால், வேலைக்காரியின் சம்பளத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தவனையும், அயல்வீட்டான் மகனுக்கு உத்தியோகம் கிடைத்த செய்தியைக் கேட்டு உள்ளுக்குள் வாடியவனையும், வெளியில் எல்லோரிடமும் இனியவனாக இருந்துவிட்டுத் தன் வாசற்படியைத் தாண்டியதும் மனைவி மக்கள்மேல் சீறுகிறவனையும் யாரும் கைகாட்டுவதில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வருகிறான், முழங்காற்படியிடுகிறான், பாவ அறிக்கையை மற்றவர்களோடு சேர்ந்து சொல்லுகிறான், பாரம் நீங்கியவனாக எழுந்து போகிறான். எதை அறிக்கையிட்டாய் என்று வழியில் ஒருவர் மறித்துக் கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

கத்தோலிக்கச் சகோதரர்கள் பாவத்தைச் சாவான பாவம் என்றும் அற்பப் பாவம் என்றும் பகுத்துப் போதிக்கிறார்கள். சீர்திருத்த சபையாராகிய நாங்கள் அப்பகுப்பை ஒப்புக்கொள்ளாமல், தேவனுக்கு முன்பாகப் பாவம் எல்லாம் பாவமே என்று சொல்லிவருகிறோம். போதனையில் இப்படி வேறுபட்டாலும், நடைமுறையில் இரு சாராரிடத்திலும் மூன்றாவது வகையொன்று இருந்துவருகிறது: அது கணக்கிலேயே ஏறாத பாவம். அதைச் செய்கிறவனுக்கு உறக்கம் கெடுவதில்லை. அதற்காக யாரும் குருவானவரிடம் போவதில்லை. அதைப் பற்றிப் பிரசங்கம் நடந்தாலும் கேட்கிறவன் அடுத்த பெஞ்சிலிருப்பவனை நினைத்துக்கொள்ளுகிறான்.

இவை சிறியவையாக இருப்பதனால் கண்ணுக்குத் தப்புகின்றன என்று பலர் கருதுகிறார்கள். என் கருத்து அதுவன்று. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் செய்துகொண்டிருந்தால் மலைபோன்ற பாவமும் கண்ணுக்குத் தப்பும். இங்கிலாந்து தேசத்து ஜான் நியூட்டனின் ஞானப்பாட்டைப் பாடாத சபை இன்று உலகில் அரிது. 1748-ஆம் ஆண்டில் நடுக்கடலிலே புயலில் அகப்பட்டு மனந்திரும்பிய அவர், அதற்குப் பிறகுதான், 1750 முதல் 1754 வரை, ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்குத் தலைவராக இருந்தார். கப்பலிலே மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார், வேதத்தைத் தியானித்தார், மனைவிக்குப் பக்தி ததும்பும் கடிதங்கள் எழுதினார், அவர் நின்று ஜெபித்த தளத்தின்கீழே மனிதர்கள் விலங்கிடப்பட்டு நெருக்கி அடைக்கப்பட்டிருந்தார்கள். அத்தொழில் தகாதது என்ற ஐயம் அந்நாட்களில் தம் மனத்தில் எழவே இல்லையென்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். அவர் கடலை விட்டதும் நோயினாலேயேயன்றி மனச்சாட்சியின் உறுத்தலினால் அன்று. அவ்வியாபாரத்தின் கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்து அவர் நூல் வெளியிட்டது 1788-இல். மனந்திரும்பிய நாளுக்கும் அந்நூலுக்கும் இடையே நாற்பது ஆண்டுகள் கழிந்தன. அவர் மாயக்காரர் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அவருடைய ஜெபம் உண்மையான ஜெபம். கண்ணீரும் உண்மையான கண்ணீர். அந்தக் கண்ணீர் எதற்காகச் சிந்தப்பட வேண்டும் என்பதை மட்டும் அவருடைய காலம் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நம்முடைய நாட்டிலே இதற்கு ஒப்பான சரித்திரம் தஞ்சையில் இருக்கிறது. மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரின் கையில் வளர்ந்தவர் வேதநாயக சாஸ்திரியார். சரபோஜி மன்னராலும் மதிக்கப்பட்டவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியவர். அவருடைய கீர்த்தனைகளைப் பாடும்போது இன்றும் நம் நெஞ்சு இளகுகிறது. கிறிஸ்துவின் பாடுகளை அவ்வளவு உருக்கத்தோடு தமிழில் பாடியவர்கள் சிலரே. அந்தப் பெரும் பக்தர்தாம், சபைக்குள்ளே சாதி வேற்றுமையைக் களைய வேண்டுமென்று புதிதாக வந்த மிஷனெரிமார் வற்புறுத்தத் தொடங்கிய காலத்தில், 1829-இல், சாதி ஆசாரத்தை ஆதரித்து நூலெழுதினார். கோயிலில் தனித்தனி இருக்கை, நற்கருணையில் முன்பின் வரிசை, இவையெல்லாம் உலக வழக்கமேயன்றி வேதத்துக்கு விரோதமானவை அல்ல என்பதே அவர் பக்கத்தாரின் வாதம். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1833-இல், கல்கத்தாவின் அத்தியட்சர் டானியேல் வில்சன், சபைக்குள் சாதிப் பிரிவினை அடியோடும் உடனடியாகவும் நீங்க வேண்டுமென்று சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னையிலும் மனத்தாங்கல் கொண்டு சபையை விட்டுப் பிரிந்தவர்கள் பலர். பிரிந்தவர்கள் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அவர்கள் வேதம் வாசித்தார்கள். குடும்ப ஜெபம் நடத்தினார்கள். தங்கள் மற்றக் குறைகளுக்காக மனம் நொந்து அழுதார்கள். இந்த ஒன்றிற்காக அழ வேண்டும் என்று மட்டும் அவர்களுக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

இந்தக் குருட்டுத்தன்மை சாதியை ஆதரித்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. சாதியைக் கண்டித்த வெள்ளை மிஷனெரிமார்கள் தங்களுக்கும் இந்தியச் சகோதரருக்கும் இடையே இருந்த தூரத்தை நெடுங்காலம் உணரவில்லை. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற அசரியா, அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் எடின்பரோ நகரில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் எழுந்து, மிஷனெரிமாரின் தியாகத்துக்கு நன்றி கூறியபின், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். கேட்டதோடு விடாமல், மிஷனெரிமார் தங்களோடு ஊழியம் செய்யும் இந்தியனை வீட்டுக்கு அழைத்து ஒரே மேசையில் உணவருந்தாத வழக்கத்தையும் எடுத்துச் சொன்னார். அரங்கிலே அப்பேச்சை விரும்பாதவர்களும் இருந்தார்கள். அன்பு குறைவு என்று பொதுப்படச் சொல்லியிருந்தால் எல்லோரும் தலையசைத்திருப்பார்கள். மேசையைச் சொன்னதனால்தான் தைத்தது.

சாதி விஷயத்துக்கே திரும்பினால், நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டி முடிக்கப்பட்ட கத்தோலிக்க ஆலயம், ஒரே பீடத்தில் வந்து சேரும் இரண்டு கைகளாக, நடுவே சாதிச் சுவரோடு அமைந்திருந்தது. 1910-இல் அச்சுவரைக் குருவானவர் இடித்தார். அதன் பேரில் எழுந்த வழக்கு உயர்நீதிமன்றம் வரைக்கும் சென்றது. இன்று நம் கோயில்களில் அப்படிப்பட்ட சுவரைத் தேடிக் காண்பது கடினம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நாளேட்டில் மணமகள் தேவை என்ற பத்தியைப் பார்த்தால், இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, ஜெபவாழ்க்கையுள்ள பெண் வேண்டும் என்று கேட்கும் விளம்பரம், அதே மூச்சில் சாதியின் பெயரையும் உட்பிரிவின் பெயரையும் கேட்கிறது. இவ்விளம்பரத்தைக் கொடுத்தவர் காலையில் ஆராதனைக்கு வந்து எல்லாரோடும் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணியவர். அவருக்கு இதில் முரண்பாடு தெரிவதில்லை. தெரியாததற்குக் காரணம் அவருடைய பொல்லாங்கன்று, அவரைச் சுற்றியுள்ள நாமெல்லோரும் அதையே செய்கிறோம் என்பதுதான்.

இவ்விடத்தில் நம் பாவ அறிக்கை முறையைப் பற்றிச் சிறிது நின்று யோசிக்க வேண்டும். பொது ஜெப புத்தகத்திலுள்ள பொது அறிக்கை மகத்தானது; செய்யத் தகாததைச் செய்தது மட்டுமன்றிச் செய்யத் தக்கதைச் செய்யாமல் விட்டதையும் அறிக்கையிட அது கற்றுக்கொடுக்கிறது. ஆனால் எல்லோருக்கும் பொருந்தும்படி அமைந்த வார்த்தைகளில் எவனும் தன்னை மறைத்துக்கொள்ளலாம். ‘நாங்கள்’ என்று சபை சொல்லும்போது ‘நான்’ என்பது மெல்ல நழுவிவிடுகிறது. தாவீது அரசனைப் பாருங்கள். அவன் செய்த பாவத்தினால் பத்சேபாளுக்குப் பிள்ளை பிறந்ததற்குப் பிறகுதான் நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் வந்தான் என்று சாமுவேலின் இரண்டாம் புத்தகம் காட்டுகிறது. அப்படியானால் அத்தனை மாதங்களும் தாவீது பலிகளுக்கும் ஆராதனைக்கும் நடுவிலேதான் இருந்திருக்க வேண்டும். சிங்காசனத்திலிருந்து பிறருடைய வழக்குகளுக்கு நீதியும் சொல்லியிருக்க வேண்டும். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரனுடைய கதையைக் கேட்டதும் அவனுக்கு மூண்ட கோபம் நேர்மையான கோபமே. அந்தப் பணக்காரன் யார் என்று தீர்க்கதரிசி நேரே சுட்டிச் சொன்ன பிறகே அரசன் உடைந்தான்.

தமிழில் இந்தச் சுட்டிக் கேட்கும் முறை புதியதன்று. முத்துக்குளித்துறையில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பணியாற்றிப் புன்னைக்காயலில் வாழ்ந்த போர்ச்சுகீசியக் குருவானவர் அண்டிரிக் அடிகளார், 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார் என்பதைத் தமிழ் அச்சின் சரித்திரம் படித்தவர்கள் அறிவார்கள். அதற்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பின், 1580-இல், கொச்சியில் அவர் அச்சிட்டது பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்தும் ‘கொம்பெசியொனாயரு’ என்னும் நூல். நம் மொழியில் அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்று, மனிதன் தன்னையே விசாரித்துக்கொள்ளக் கேள்விகளைக் கொடுக்கும் நூல் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியும் சற்று வெட்கமும் தருகிற செய்தி. பத்துக் கட்டளைகளை ஒட்டி, இதைச் செய்தாயா, அதைச் செய்தாயா என்று கேட்டுக்கொண்டே போகும் அப்படிப்பட்ட நூலின் முன்னே, நான் பாவி என்று பெருமூச்சு விட்டுத் தப்பித்துக்கொள்ள இடமில்லை. பரதவ மக்களிடம், அவர்கள் கடற்கரைத் தமிழிலேயே, இப்படிக் கேட்கலாம் என்று நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் துணிந்தார். அவருக்குப் பின் வந்த நாம் பல்லாயிரம் பிரசங்கங்களை அச்சிட்டோம். கேள்விகளை அச்சிடுவதை ஏறக்குறைய விட்டுவிட்டோம்.

வீட்டிலும் தெருவிலும் நடப்பவற்றுள் நாவினால் செய்யும் பாவத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். ஏனெனில் அது நம்மிடத்தில் ஜெபத்தின் உடையைத் தரித்துக்கொண்டு வருகிறது. இன்னார் குடும்பத்தில் சமாதானமில்லை, அவர்கள் மகள் விஷயம் சரியில்லை, பாரத்தோடு ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சகோதரி மற்றொரு சகோதரியின் காதில் சொல்லுகிறாள். அது ஜெபக் குறிப்பாகப் புறப்பட்டு, மாலைக்குள் தெருக்கோடிவரை போய்ச் சேருகிறது. அந்தப் பெண்ணுக்காக எத்தனை பேர் முழங்காலில் நின்றார்கள் என்பது தேவனுக்குத் தெரியும். அவளுக்கு வரவிருந்த சம்பந்தம் தட்டிப்போனது ஊருக்குத் தெரியும். பிறர் குற்றத்தைக் காண்பதுபோல் தன் குற்றத்தையும் ஒருவன் காணக்கூடுமானால் உயிர்களுக்குத் தீங்கேது என்ற கருத்தை வள்ளுவர் புறங்கூறாமை அதிகாரத்தின் முடிவிலே வைத்திருக்கிறார். பிறருடைய கண்ணிலுள்ள துரும்பையும் தன் கண்ணிலுள்ள உத்திரத்தையும் பற்றி ஆண்டவர் சொன்னதை நாம் பிள்ளைப் பிராயத்திலிருந்தே மனப்பாடம் பண்ணியிருக்கிறோம். மனப்பாடம் பண்ணியதே அதன் கூர்மையை மழுங்கச் செய்துவிட்டதோ என்று எனக்குச் சில வேளை தோன்றுகிறது.

பக்தியில் தேறினவர்களுக்கு இன்னும் நுட்பமான ஆபத்து உண்டு. நான்காம் நூற்றாண்டில் எகிப்து தேசத்து வனாந்தரத்தில் தவமிருந்த எவாகிரியுஸ், மனிதனை அலைக்கழிக்கும் எண்ணங்கள் எட்டு என்று எழுதிவைத்தார். அவற்றுள் ஒன்று வீண்பெருமை. மற்ற எண்ணங்களை வென்றவனிடத்திலேதான் அது முளைக்கும் என்று அவ்வனாந்தரத் துறவிகள் கண்டார்கள். அவர்களுடைய உபதேசத்தை மேல்நாட்டுக்குக் கொண்டுசென்ற ஜான் காசியன் இதை வெங்காயத்துக்கு ஒப்பிட்டார்: ஒரு தோலை உரித்தால் உள்ளே மற்றொரு தோல். உபவாசமிருப்பவன் உபவாசத்தினால் பெருமைகொள்ளுகிறான். அப்பெருமையை அடக்கியவன் அடக்கியதற்காகப் பெருமைகொள்ளுகிறான். காணிக்கையாளர்களின் பெயர்ப் பலகையில் தம் பெயர் இரண்டாம் வரியில் போடப்பட்டதற்காக ஓராண்டு கோயிலுக்கு வராதிருந்தவர்கள் நம் சேகரங்களில் உண்டு. அவர்கள் கொடுத்தது உண்மையாகவே தேவனுக்காகத்தான். அதனால்தான் இது பரிதாபத்துக்குரியது.

இப்படித் தோண்டித் தோண்டிப் பார்த்தால் மனிதன் நிம்மதி இழந்துவிடமாட்டானா, கிருபையை விட்டு மறுபடியும் நியாயப்பிரமாணத்துக்குத் திரும்புவதாகாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அக்கேள்வி நியாயமானது, அதற்குச் சரியான விடை லுத்தரின் வாழ்க்கையில் இருக்கிறது. 1505-இல் எர்பர்ட் நகரத்து மடத்தில் சேர்ந்த அவர், தாம் விட்டுவிட்ட பாவம் ஏதேனும் இருக்குமோ என்று நடுங்கி, மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்து, அவருடைய மேலாளர் ஸ்டவுப்பிட்ஸ் சலித்துக்கொள்ளும் அளவுக்குப் போனார். அந்தப் பயத்திலிருந்து கிருபை அவரை விடுவித்தது. விடுதலை பெற்றவர் பாவ அறிக்கையைத் தூக்கி எறிந்தாரா என்றால், இல்லை. 1529-இல் வெளிவந்த அவருடைய சிறிய ஞானோபதேசத்தில் விரைவிலேயே இடம்பெற்ற பாவ அறிக்கைப் பகுதி, உன் நிலையை யோசித்துப் பார் என்று கேட்கிறது: நீ தகப்பனா, தாயா, மகனா, எஜமானனா, வேலைக்காரனா, அந்த நிலையில் கீழ்ப்படியாமல் இருந்தாயா, சோம்பலாக இருந்தாயா, வார்த்தையால் ஒருவரைப் புண்படுத்தினாயா என்று விசாரிக்கச் சொல்லுகிறது. மன்னிப்பு உண்டென்று நிச்சயமாய் அறிந்தவனால்தான் தன் அழுக்கை நடுங்காமல் பார்க்க முடியும். மன்னிப்பின் நிச்சயமில்லாதவன் ஒன்று லுத்தரின் இளமையைப்போலத் தவித்துப்போவான், அல்லது நம்மில் பலரைப்போலப் பாராமலே இருந்துவிடுவான்.

நிலையைப் பார்த்துக் கேட்பது என்ற இந்த முறை நமக்கு மிகவும் ஏற்றது என்பது என் துணிபு. நீ பொறாமைப்பட்டாயா என்று கேட்டால் யாரும் இல்லையென்பார்கள். கடை வைத்திருப்பவனிடம், அவசரத்துக்கு வந்த ஏழைக்கு எந்த அளவில் நிறுத்தாய், தெரிந்தவனுக்கு எந்த அளவில் நிறுத்தாய் என்று கேட்க வேண்டும். ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டபோது, அவர் தசமபாகத்தைக் குறைகூறவில்லை. அளக்கத் தெரிந்தவர்கள் அளக்காமல் விட்டதையே காட்டினார். நிலம் வைத்திருப்பவனிடம், அறுவடைப் பண்டிகைக்கு நெல்மூட்டை கொண்டுவந்து வைத்த நாளில் அறுத்தவர்களுக்குக் கூலி பாக்கி இருந்ததா என்று கேட்க வேண்டும். பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதியது செல்வந்தருக்குச் சொன்ன உவமையாக மட்டும் நின்றுவிடக் கூடாது. ஆசிரியரிடம், வகுப்பில் எந்தப் பிள்ளையின் பெயரை அவர் கேலிசெய்து கூப்பிடுகிறார் என்று கேட்க வேண்டும். மாமியாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை மருமகள்கள் நன்றாக அறிவார்கள். மருமகளிடம் கேட்க வேண்டியதும் உண்டு.

மணமகனின் பெற்றோரிடம் கேட்க வேண்டிய கேள்வியை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஓலை வாசிக்கிறோம். இவர்களைச் சேர்க்கத் தடை ஏதேனும் இருந்தால் சொல்லுங்கள் என்று சபையாரைக் கேட்கிறோம். சீதனமாக எவ்வளவு ரொக்கம், எத்தனை பவுன் நகை என்று பேசி முடித்த பிறகுதான் அந்த ஓலை வாசிக்கப்படுகிறது என்பது வாசிக்கிற குருவானவருக்கும் தெரியும், கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கும் தெரியும். 1961-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமென்கிறது. பெண்ணின் தகப்பனார் வீட்டை அடகு வைத்துவிட்டு மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். சபை மௌனமாக இருக்கிறது. இந்த மௌனத்தை ஒருவராவது பாவமென்று அறிக்கையிட்டதை நான் கேட்டதில்லை.

இதற்கு நாம் புதிய அமைப்பு எதையும் உண்டாக்க வேண்டியதில்லை. திருவிருந்தில் பங்குபெற விரும்புகிறவர்கள் முந்தின நாளாவது குருவானவரிடம் பெயர் கொடுக்க வேண்டும், பகையோடிருப்பவர்கள் ஒப்புரவாகாமல் வரக் கூடாது என்ற ஒழுங்கு பொது ஜெப புத்தகத்திலேயே இருக்கிறது. திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மாலையில் ஆயத்த ஆராதனை நடத்தும் வழக்கமும் நம் சபைகளுக்குத் தெரியாததன்று. பல இடங்களில் அது பாட்டும் சிறு பிரசங்கமுமாகச் சுருங்கியிருக்கிறது, சில இடங்களில் நின்றே போயிற்று. அந்த மாலையில் பிரசங்கத்தை விட்டுவிட்டு, ஊரின் தொழிலையும் வீடுகளின் நிலையையும் அறிந்த சேகரகுருவானவர் கேள்விகளை எழுதிக்கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் நிதானமாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் பின் ஒருவன் தன்னை நினைத்துப் பார்ப்பதற்குப் போதுமான நேரம் அமைதியாக விடலாம். கடலோர ஊருக்கு வேண்டிய கேள்விகள் வேறு, நகரத்து உத்தியோகஸ்தர் சபைக்கு வேண்டியவை வேறு. அவற்றை வெளியூரிலிருந்து யாரும் எழுதி அனுப்ப முடியாது. வருகிற திருவிருந்துக்கு முன்பாகவே எந்தச் சேகரத்திலும் இதைத் தொடங்கக்கூடும்; முதற்கேள்விகளைச் சபை மூப்பர்களுக்கும், என்னைப்போல மேடையில் நின்று பேசுகிறவர்களுக்கும் உரியனவாக எழுதித் தொடங்குவது முறையாக இருக்கும்.